தனிநபர் உளவியல்

தனிநபர் உளவியல் என்பது வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937), 1911இல் சிக்மண்ட் ஃபிராய்டின் வட்டத்திலிருந்து விலகிய பின் உருவாக்கிய ஆளுமைக் கோட்பாடும், அதன்வழி அமைந்த உளவள ஆலோசனை முறையும் ஆகும். ஒருவரின் நடத்தையைக் கடந்தகாலம் பின்னிருந்து தள்ளுவதைவிட, அவரே வகுத்துக்கொண்டு, பெரும்பாலும் அறியாமலே பின்பற்றும் இலக்கு முன்னிருந்து ஈர்க்கிறது என்பதே இதன் அடிப்படை.

பிறரைச் சார்ந்தே வாழும் குழந்தைப் பருவத்தில் தாழ்வுணர்வு எல்லோருக்கும் எழுகிறது. அது நோயன்று, அதை ஈடுசெய்யும் முயற்சியே வளர்ச்சிக்கு வித்தாகிறது. அவ்வுணர்வு முற்றி, முயற்சியையே முடக்கும்போதுதான் தாழ்வு மனப்பான்மை எனப்படுகிறது. தாழ்வுணர்வைக் கடக்க ஒருவர் இளமையிலேயே கைக்கொள்ளும் நிலையான போக்கு வாழ்க்கைப் பாணி. அது தொழில், நட்பு, காதல் ஆகிய மூன்று வாழ்க்கைப் பணிகளிலும் வெளிப்படும். பிறர் நலனில் தன் நலனைக் காணும் சமூக ஈடுபாட்டை அட்லர் மனநலத்தின் அளவுகோலாகக் கொண்டார். இக்கோட்பாட்டின் உயர்ந்த கூறு இதுவே எனலாம்.

ஆலோசகர் குடும்பச் சூழல், பிறப்பு வரிசை, மிக இளவயது நினைவுகள் ஆகியவற்றைக் கேட்டறிகிறார். ஜன்னலருகே நின்று பிற குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததையே முதல் நினைவாகச் சொல்பவர், இன்றும் எதிலும் இறங்காமல் விலகி நிற்பவராக இருக்கக்கூடும். அந்நிகழ்ச்சி அப்படியே நடந்ததா என்பதைவிட, எண்ணற்ற நிகழ்ச்சிகளுள் அதை மட்டும் அவர் ஏன் நினைவில் வைத்திருக்கிறார் என்பதே இங்கு முக்கியம். ஆனால் பிறப்பு வரிசை ஆளுமையை வடிவமைக்கிறது என்னும் அட்லரின் கருத்துக்குப் பிற்கால ஆய்வுகள் வலுவான ஆதரவு தரவில்லை. நல்லுறவு, மதிப்பீடு, தன்னறிவு, மறுநெறிப்படுத்தல் என்னும் நான்கு கட்டங்களாக நடைபெறும் ஆலோசனையில், துணிவிழந்தவராகவே கருதப்படும் நாடுநருக்கு ஊக்கமூட்டுவது எல்லாக் கட்டங்களிலும் தொடர்கிறது.