கார் ஆம்ப்ளிஃபயர் ‘போய்விட்டதா’? வாங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள்

காரில் சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் சொந்தக் கையால் பொருத்திக்கொள்வது சிலருக்கு ஆசை, சிலருக்குச் சிக்கனம். ஆங் மோ கியோவில் இருப்பவர்களுக்குப் பட்டறை தூரமில்லை. தொழிற்பேட்டை 2ஏ-வில் ஆட்டோபாய்ண்ட் கட்டடம், சற்றுத் தள்ளினால் சின் மிங். ஆனாலும் இணையத்தில் வாங்கிய ஆம்ப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தாமே பொருத்திவிடுவோர் உண்டு. பொருத்திய அன்று பாட்டு அதிரும். சில மாதம் கழித்து சத்தம் நின்றுபோகும், அல்லது சிவப்பு விளக்கு எரியும், இல்லாவிட்டால் எஞ்சினோடு சேர்ந்து ஆம்ப்பும் ஊளையிடும்.

பலரும் அப்போது ‘ஆம்ப் போய்விட்டது’ என்று முடிவுகட்டிப் புதியது வாங்குகிறார்கள். பழைய வயரிலேயே மாட்டுவதால் புதியதும் சில வாரத்தில் அதே கோலத்துக்கு வருகிறது. சொந்தமாகப் பொருத்திய அமைப்புகளில் கோளாறு பெரும்பாலும் ஆம்ப்புக்கு வெளியே, எர்த், ஃபியூஸ், ரிமோட் வயர் ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் கடைகளில் மீட்டர், ஃபியூஸ், வயர் மூன்றும் கிடைக்கும். விலை மலிவான மீட்டரே இந்த வேலைக்குத் தாங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது சத்தம் அல்ல

ஆம்ப் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தாலும் ஒன்றை இன்றே பார்த்துவிடுவது நல்லது. காரின் முன்மூடியைத் திறந்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் வயரைக் கண்ணால் தொடருங்கள். 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். பாட்டு இல்லாமல் ஒரு வாரம் இருக்கலாம்.

‘ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே’ என்பார்கள். அது ஆம்ப்பைக் காக்கும், வயரைக் காக்காது. பேட்டரியிலிருந்து பூட் வரை நான்கைந்து மீட்டர் வயர் போகிறது. எஞ்சின் அறைக்கும் காரின் உட்பகுதிக்கும் நடுவில் உள்ள தகட்டைத் துளைத்து, கதவுப் படியின் அடியில், கம்பளத்துக்குக் கீழே செல்கிறது. எங்காவது ஒரு விளிம்பில் உரசி உறை கிழிந்தால், பாசிட்டிவ் வயர் காரின் உடலைத் தொடும். காரின் உடல் முழுவதும் நெகட்டிவ். அந்தக் கணத்தில் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஃபியூஸ் இல்லாவிட்டால் அதை நிறுத்த எதுவும் இல்லை. வயர் பழுக்கக் காய்ந்து கம்பளத்தில் தீப்பிடிக்கும். காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் இது நடக்கலாம். அந்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது.

தகட்டில் துளை உள்ள இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஃபியூஸின் அளவை ஆம்ப்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வயர் தாங்கும் அளவே கணக்கு. நல்ல செம்பு வயர் என்றால் 8 கேஜுக்கு 50 ஆம்பியரும் 4 கேஜுக்கு 100 ஆம்பியரும் பாதுகாப்பான அளவு. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரியதைப் போடுவது மிக மோசமான ‘ரிப்பேர்’.

வயரிலும் ஏமாற்றம் உண்டு. மலிவு வயர் தொகுப்புகள் பலவற்றில் உள்ளே இருப்பது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். அதன் கடத்தும் திறன் செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அப்படியானால் ஒரு கேஜ் தடித்த வயரும் அதற்கேற்ற சிறிய ஃபியூஸும் தேவை. நம் ஊர் ஈரக்காற்றில் அலுமினிய முனை சீக்கிரம் பூத்துவிடும் என்பது கூடுதல் தலைவலி.

வாட் கணக்கு பற்றியும் ஒரு வார்த்தை. ‘2,000 வாட்’ என்று மின்னும் ஆம்ப்பின் பக்கவாட்டில் 20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு மட்டும் இருந்தால், அது இழுக்கக்கூடியது மொத்தம் 40 ஆம்பியர். காரின் 14 வோல்ட்டோடு பெருக்கினால் 560 வாட். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். கைக்கு வருவது 450 வாட் அளவே. ஃபியூஸ் பொய் சொல்லாது.

சத்தமே இல்லை, விளக்கும் இல்லை

ஆம்ப்பில் மூன்று முனைகள் இருக்கும்: பாசிட்டிவ், எர்த், ரிமோட். எஞ்சினை அணைத்து, ரேடியோவை மட்டும் போட்டு, மீட்டரை நேர்மின்சார வோல்ட்டுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே 12 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும். எதுவும் காட்டவில்லையா? மீட்டரின் கறுப்புக் கம்பியை எர்த் முனையிலிருந்து எடுத்து, பூட்டில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். இப்போது 12 வந்தால் பழுது எர்த்தில். அப்போதும் பூஜ்யம் என்றால் பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் போயிருக்கிறது அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

அடுத்து ரிமோட். இது ஆம்ப்பை எழுப்பும் மெல்லிய வயர். ரேடியோ ஓடும்போது 12 வோல்ட், அணைத்தால் பூஜ்யம். ரேடியோவின் பின்னால் பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயரே இதற்குரியது. வெறும் நீல வயர் ஆண்டெனாவுக்கானது. சில ரேடியோக்களில் அது வானொலி கேட்கும்போது மட்டுமே உயிர்பெறும். வானொலியில் சப்வூஃபர் பாடுகிறது, கைப்பேசியை இணைத்தால் ஊமையாகிறது என்ற விசித்திரப் புகாரின் காரணம் பல நேரம் இதுதான்.

எர்த்தைச் சோதிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மீட்டரை ஓமுக்குத் திருப்பி, எர்த்துக்கும் உடலுக்கும் இடையே பூஜ்யம் காட்டுவதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுவார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்சாரம். அது ஒரே ஓர் இழை வழியாகவும் போய்விடும். ஆம்ப் கேட்பதோ 40, 50 ஆம்பியர். ஆகவே பாட்டு ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டர் வோல்ட்டிலேயே இருக்கட்டும். ஒரு கம்பி ஆம்ப்பின் எர்த் முனையில், மற்றது பக்கத்தில் பெயின்ட் இல்லாத உலோகத்தில். பேஸ் அடிக்கும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் எகிறினால் எர்த் சரியில்லை.

சரிசெய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். வயர் நீளம் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். போல்ட் இறங்கும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சிடச் செய்து, வளைய முனையை வைத்து, பல் வாஷரோடு இறுக்கிய பின் மேலே பெயின்ட்டோ கிரீஸோ தடவிவிடலாம். சீட் பெல்ட் போல்ட் கைக்கு அருகில் இருக்கிறதே என்று அதில் மாட்ட வேண்டாம். அது விபத்தில் உயிரைத் தாங்கும் போல்ட்.

சிவப்பு விளக்கு

இது ஆம்ப் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் நிலை. ரேடியோவை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களையும் ஆர்சிஏ வயர்களையும் ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். மின்சாரம் இருக்கும்போது ஆர்சிஏவைப் பிடுங்கக் கூடாது, ரேடியோவுக்கே கேடு வரலாம். பாசிட்டிவ், எர்த், ரிமோட் மட்டும் இருக்க, மீண்டும் போட்டுப் பாருங்கள். வோல்ட் சரியாக வந்தும் சிவப்பு மாறவில்லை என்றால் ஆம்ப்புக்குள்தான் பழுது. சிவப்பு போய்விட்டால் ஆம்ப் நலம். வயர்களை ஒவ்வொன்றாக மாட்டினால் குற்றவாளி தெரிந்துவிடும்.

பெரும்பாலும் அது சப்வூஃபர் இணைப்பாக இருக்கும். இரட்டைச் சுருள் கொண்ட 4 ஓம் சப்வூஃபரைப் பக்க இணைப்பில் மாட்டினால் 2 ஓம், தொடர் இணைப்பில் 8 ஓம். அப்படிப்பட்ட இரண்டையும் முழுக்கப் பக்க இணைப்பில் சேர்த்தால் 1 ஓம் ஆகிவிடும். 2 ஓம் வரை மட்டும் தாங்கும் ஆம்ப் அதில் சிவந்துபோவது நியாயமே. மீட்டரில் அளந்தால் 4 ஓம் சுருள் ஏறக்குறைய 3.2 முதல் 3.8 வரை காட்டும். 1 ஓமுக்குக் கீழே காட்டினால் சுருள் கருகியிருக்கலாம். எதுவுமே காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டபின் பழைய பொருள் தேடுவோர் கரோசலுக்குப் போகிறார்கள். சப்வூஃபர் வாங்கப் போகும்போது மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டால், காசு கொடுக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

சிவப்பு விளக்கு அரை மணி நேரம் ஓடிய பிறகே வருகிறது என்றால் சூடு காரணம். திறந்தவெளியில் நின்ற காரின் பூட் நண்பகலில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆம்ப்பைக் கம்பளத்தால் மூடி வைப்பதும், சப்வூஃபர் பெட்டியிலேயே திருகி வைப்பதும் வேண்டாத வேலை.

ஊளை

எஞ்சின் வேகம் ஏற ஏற சுருதியும் ஏறுகிற ஊளை ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. நிறுத்திய காரில் எஞ்சினை முடுக்கி முடுக்கிச் சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: நின்றிருக்கும் வாகனத்தின் எஞ்சினைக் காரணமின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில் அது நச்சுப்புகையும்கூட. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து கேட்பது மேல்.

மேலே சொன்ன எர்த் சோதனை தேறிவிட்டதா? அடுத்து ஆம்ப்பில் ஆர்சிஏவைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஊளை போய்விட்டால் அது ஆர்சிஏ வழியாகத்தான் வந்திருக்கிறது. பாசிட்டிவ் வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கமாக ஓடினால் ஒன்றை மறுபக்கம் மாற்ற வேண்டும். ரேடியோவின் எர்த்தையும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பேஸ் பலமில்லை, விளக்கு மங்குகிறது

‘கெயின்’ என்பது சத்தம் கூட்டும் திருகு அல்ல. ரேடியோ தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு அது. அதை முழுக்கத் திருகிவிட்டால் ஒலி சிதைந்து, சுருள் கருகும். சரியாக வைக்க ஒரு வழி: சப்வூஃபரைக் கழற்றி, பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, ரேடியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். மீட்டர் மாறுமின்சார வோல்ட்டில் ஸ்பீக்கர் முனையில் இருக்கட்டும். ஆம்ப் உண்மையில் தரும் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இலக்கு வோல்ட் கிடைக்கும். 300 வாட், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். கெயினைக் கீழிருந்து மெல்லத் திருகி அந்த எண்ணில் நிறுத்துங்கள். லோ பாஸ் வடிகட்டி 80 ஹெர்ட்ஸில் இருந்தால் போதும்.

இரண்டு சப்வூஃபர் வைத்தும் பேஸ் இளைத்திருந்தால் ஒன்றின் வயர் தலைகீழாக இருக்கலாம். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பாசிட்டிவில் பாசிட்டிவ் தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும்.

பேஸ் அடிக்கும்போது முன்விளக்கு மங்குவது மின்சாரம் போதவில்லை என்பதற்கு அடையாளம். சிகரெட் பற்றவைப்பியில் செருகும் சிறு வோல்ட்மீட்டரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சரி. பேஸில் 12-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியின் வயது, முனைகளின் பச்சைப் பூப்பு, பேட்டரிக்கும் காரின் உடலுக்கும் இடையேயான வயர் இவற்றைப் பாருங்கள். பளபளக்கும் கெபாசிட்டரை அதற்குப் பின்னர் யோசிக்கலாம்.

கை வைக்கக் கூடாத இடம்

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயரைத் தொடவே கூடாது. அது நூற்றுக்கணக்கான வோல்ட். பல ஹைபிரிட் கார்களில் 12 வோல்ட் பேட்டரி பூட்டிலேயே இருப்பதால் வயர் நீளம் குறைவு. அதை நம்பி, எங்கே துளைக்கிறோம் என்று தெரியாமல் தரையைத் துளைக்க வேண்டாம். எந்தக் காரானாலும் வயர் வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும்.

உத்தரவாதக் காலம் முடியாத காரா? வெளிப் பட்டறைக்குப் போனாலே உத்தரவாதம் போய்விடும் என்ற நிபந்தனையை, போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதை அடுத்து, 2017-இல் கார் விற்பனை நிறுவனங்கள் பல நீக்கின. ஆனால் நீங்கள் மாட்டிய வயரால் ஏற்பட்ட பழுதுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். சோதனை ஒலி ஓடவிடும் நேரமும் முக்கியம். அக்கம்பக்க ஒலி பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு 2022-இல் பரிந்துரைத்த அமைதி நேரம் இரவு 10 முதல் காலை 8 வரை. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் 50 ஹெர்ட்ஸ் எதிர்ப் புளோக் வரை போகும்.

எல்லாம் பார்த்தும் சிவப்பு விளக்கு மாறாவிட்டால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். பாசிட்டிவ், ரிமோட் இரண்டின் வோல்ட், எர்த்தில் விழும் வோல்ட், சப்வூஃபரின் ஓம் ஆகிய நான்கு எண்களையும் குறித்துக்கொண்டு போனால், பழுது தேடும் நேரத்துக்கான கூலி குறையும். நல்ல ஆம்ப்பைத் தூக்கிவிட்டு வேறு வாங்கச் சொன்னால், ஏன் என்று கேட்கவும் அந்த எண்கள் கையில் இருக்கும்.