மலாயா இரப்பர்த் தோட்டங்களில் மூடுபயிர்: மண்ணும் தமிழர் உழைப்பும்

முன்னுரை

மலாயா இரப்பர்த் தோட்டங்களைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் குடிபெயர்வு, கங்காணி முறை, கூலி ஆகியவற்றை மையப்படுத்துகின்றன. அத்தோட்டங்களின் மண் வரலாறும் தொழிலாளர் வரலாற்றோடு பிணைந்ததே. மூடுபயிர்களின் வருகையைக் கொண்டு அப்பிணைப்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெறுநிலக் களையெடுப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரங்களுக்கிடையே புல்பூண்டின்றி நிலத்தைத் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல நிருவாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. லாலாங் புல் பரவிவிடும் என்ற அச்சம் இதற்கு முதன்மைக் காரணம். தமிழ்த் தொழிலாளர்களின், குறிப்பாகப் பெண்கள், சிறுவர்களின், குறைந்த கூலி உழைப்பு இம்முறையைச் சாத்தியமாக்கியது. ஆனால், கனமழை பெய்யும் சரிவு நிலங்களில் மூடாக்கற்ற மேல்மண் அரித்துச் செல்லப்பட்டது. மட்கும் வெயிலில் விரைந்து சிதைந்தது.

தனிப்பயிரும் கலப்பும்

பயறுவகைச் செடிகள் வேர்முடிச்சுகளின் வழியாகக் காற்றின் தழைச்சத்தைப் பெறுவதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள் 1886இல் விளக்கினர். அவ்வகைக் கொடிகள் தோட்டங்களில் மூடுபயிராயின. கலபகோனியம் விரைந்து படரும். ஓரிரு ஆண்டுகளில் நலியும். சென்ட்ரோசீமா மெதுவாக வளரும், நிழலைத் தாங்கும். பியூரேரியா களையை அடக்கும். கவனிக்காவிடில் இளமரங்களின் மீது ஏறும். ஒன்று ஓயும்போது மற்றொன்று நிலத்தை மூடவேண்டும் என்பதால் மூன்றையும் கலந்து விதைப்பது வழக்கமாயிற்று.

1920களின் நடுவில் தோன்றிய மலாயா இரப்பர் ஆய்வு நிறுவனம் பிற்காலத்தில் நெடுங்கால ஆய்வுகளை நடத்தியது. புல், இயற்கைக் களை ஆகியவற்றினிடையே வளர்ந்த மரங்களைவிட, பயறுவகை மூடுபயிரோடு வளர்ந்தவை முன்னதாகவே பால்வெட்டும் பருமனை எட்டின. நிழல் அடர்ந்து கொடிகள் மடிந்த பின்னரும் அவற்றின் சத்து மரங்களுக்குப் பயன்பட்டது.

மாற்றத்தின் காரணம்

மூடுபயிரின் நன்மை பெருமந்தத்திற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. எனினும், களையெடுப்பு மலிவாக இருந்தவரை வெறுநில முறை நீடித்தது. 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தது. தமிழர் பலர் தாயகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். களையெடுப்புச் செலவைக் குறைக்கும் நெருக்கடியே அறிவியல் பரிந்துரைக்கு வலுச்சேர்த்தது.

முடிவுரை

மண்ணைக் காத்த கொடிகள் களையெடுப்போருக்கான தேவையையும் குறைத்தன. ஆகவே, மூடுபயிரின் பரவலை வேளாண் முன்னேற்றமாக மட்டும் எழுதுவது நிறைவுடையதாகாது. தோட்ட ஆவணங்களின் களையெடுப்புச் செலவுக் கணக்குகளை மண் ஆய்வுகளோடு இணைத்து வாசிக்கும்போதே, தமிழ்ப் பெண்களின் உழைப்பு அவ்வரலாற்றில் உரிய இடம்பெறும்.