சிப்பியில் ஒரு பங்கு

தாராபுரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. சாப்பிட்டதற்குக் காசைக் கொடுத்துவிட்டு, மிச்சச் சில்லறையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். சைக்கிளில் ஏறுமுன் கடைப் பையன் பின்னால் ஓடி வந்தான்.

“காக்கா, மிச்சத்தை மறந்துட்டீங்க.”

“உனக்குத்தான் வைத்தேன்” என்றேன். அவன் முகம் மலரவில்லை. கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகே காசு அவனது சட்டைப் பைக்குள் போனது.

பெரிய ஹோட்டல்களில் இந்தச் சங்கடம் இல்லை நேயர்களே. நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் என்று பில்லின் அடியில் அச்சாகியே வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பத்தும் பரிமாறியவரின் கைக்குப் போகிறதா, உள்ளே கோப்பை கழுவுகிறவருக்கு அதில் ஏதும் உண்டா என்பதைப் பில் சொல்வதில்லை. ‘சந்தோசம்’ என்று நாம் அழகாகப் பெயர் வைத்திருக்கும் இந்தத் தொகைக்குக் கணக்கு என்ன? எவ்வளவு கொடுத்தால் நியாயம்? இந்தக் கேள்வி நமது மன்னார்க் கடலுக்குப் புதியதல்ல.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இக்கடலின் முத்துக்குளிப்புப் பற்றி எழுதிய இடத்தில் இரண்டு கணக்குகளைத் தருகிறார். எடுத்ததில் பத்தில் ஒன்று மன்னனுக்கு. இருபதில் ஒன்று, குளிப்பவர்களைச் சுறா தீண்டாதபடி மந்திரம் சொல்பவர்களுக்கு. அதாவது நூற்றுக்கு ஐந்து வீதம்! அந்த மந்திரம் பகலுக்கு மட்டுமே என்றும், இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்றும் அவர் சொல்கிறார். இரவில் திருட்டுத்தனமாகக் குளிக்க நினைப்பவனுக்கு அதைவிட நல்ல காவல் வேறென்ன?

அரை நூற்றாண்டு கழித்து, 1344இல், இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னன் முத்துக்களைக் காட்டி வியப்பூட்டிவிட்டு, அவற்றை அவருக்கே வழங்கினான். அது கொடை. கொடுப்பவன் மனம் குளிர்ந்தால் வரும், குளிராவிட்டால் வராது. சுறாக் கட்டுபவரின் இருபதில் ஒன்று அப்படியல்ல. அது பங்கு. மனநிலையைப் பார்த்து மாறுவதில்லை.

இந்தப் பங்கு ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது. ‘கடல் கட்டி’ என்று அழைக்கப்பட்ட அந்த மனிதர் இல்லாமல் குளியாளர்கள் கடலில் இறங்க மறுத்தார்கள். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத அரசாங்கமே அவரை வேலைக்கு அமர்த்த வேண்டியதாயிற்று. 1859இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் டெனன்ற் ஒரு வேடிக்கையான செய்தி எழுதுகிறார். அவர் போன சமயம் கடல் கட்டிக்குச் சுகமில்லை, பதிலாள் ஒருவர் வந்திருந்தார். தனக்கு மந்திரம் தெரியாதென்றும், ஆனால் மூத்தவரின் பிரதிநிதியாகத் தான் நிற்பதைச் சுறாக்கள் மதித்து நடக்குமென்றும் அவர் சொன்னாராம். அக்காலக் கடல் கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர். முஸ்லிம்களும் இந்துக்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. தைரியம் கொடுத்தவருக்குக் கூலி கொடுத்தார்கள், அவ்வளவே.

முசலிப் பகுதியின் மரிச்சுக்கட்டிக் கடற்கரையில் 1905இல் நடந்த முத்துக்குளிப்பே பெயர் பெற்றது. 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள், அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபா வருமானம். கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர், பாரசீக வளைகுடாவின் அரபிகள் என்று ஆயிரக்கணக்கில் குளியாளர்கள் கூடினார்கள். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், மறு ஆண்டு முத்துக்குளிப்பில் இங்கு கடமை பார்த்த இளம் உத்தியோகத்தர். அந்த அனுபவத்திலிருந்து ஒரு சிறுகதையும் எழுதினார்.

தோணிகள் கரை சேர்ந்ததும் ‘கொட்டு’ எனப்பட்ட வேலி அடைப்புக்குள் சிப்பிகள் கொண்டுவரப்படும். குளியாளரே தமது சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு குவியலைத் தெரிந்தெடுப்பார். மிஞ்சியது குளியாளருக்கு. பிரிப்பவர் ஒருவர், தெரிபவர் இன்னொருவர். ஒரு குவியலைப் பெருக்கி வைத்தால் அதுவே முதலில் போய்விடும் என்று தெரிந்ததால் குவியல்கள் தாமாகவே சமமாயின. தராசும் கணக்கப்பிள்ளையும் செய்ய முடியாததை இந்த ஏற்பாடு செய்தது.

ஆயினும், பிரித்த விதத்தில் நியாயம் இருந்தது சரி, பிரித்த அளவில் இருந்ததா? மூச்சை அடக்கி ஐந்தாறு பாகம் ஆழத்துக்கு இறங்கியவருக்கு மூன்றில் ஒன்று. கால் நனையாமல் கரையில் நின்ற அரசாங்கத்துக்கு இரண்டு. மார்க்கோ போலோ கண்ட மன்னன் பத்தில் ஒன்றோடு நின்றுவிட்டான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளியாளர் பங்கு நாலில் ஒன்றாகவே இருந்தது. மூன்றில் ஒன்றானது பிறகுதான்.

அந்த ஒன்றும் முழுமையாக அவருடையதல்ல. தோணிக்காரருக்கு உண்டு. மேலே நின்று கயிறு பிடித்தவருக்கு உண்டு. கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் தாமதியாமல் இழுக்க வேண்டியவர் அவர். கண் அயர்ந்தால் ஓர் உயிர் போகும். ஆனால் முத்துக்குளிப்புப் பற்றி எழுதியவர்கள் குளித்தவரைப் படம் பிடித்தார்கள், கயிறு பிடித்தவரை ஓரத்தில் விட்டுவிட்டார்கள்.

கொட்டின் வாசலுக்கு வெளியே சனக்கூட்டம் காத்து நிற்கும். தமது பங்கோடு வெளியே வரும் குளியாளரைச் சூழ்ந்துகொண்டு, ஒன்று, இரண்டு, ஐந்து என்று சிப்பி வாங்குவார்கள். உள்ளே முத்து இருக்குமா என்பது எவருக்கும் தெரியாது. கடலில் அவரது கயிற்றைப் பிடித்திருந்தவரும் தம் பங்கை எதிர்பார்த்து நின்றிருப்பார்.