ஏட்டெழுத்தும் படவெழுத்தும்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையை அடுத்த அரூர் நாடு நடுகற்களால் வரலாற்றிற் பெயர்பெற்றது. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் போரில் உயிர்நீத்த வீரர்க்கு எடுக்கப்பட்ட இக்கற்களிற் பல வட்டெழுத்தாற் பொறிக்கப்பெற்றவை. மழையும் வெயிலும் பல நூற்றாண்டுகள் தேய்த்த அவ்வெழுத்துகளைக் கல்லின் முன் நின்றே படித்து முடித்தல் அரிது. ஆதலின் கல்வெட்டறிஞர் மைப்படி எடுப்பர். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேற் பரப்பி, தூரிகையால் அடித்துத் தாளை எழுத்தின் பள்ளங்களிற் படியச்செய்து, மை தோய்ந்த பொதியால் ஒற்றுவர். மேடெல்லாம் கருமை பற்ற, பள்ளத்து எழுத்து வெண்மையாய்த் தோன்றும். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் 1970-களில் நூல்வடிவில் வெளியிட்டதனால், அந்நாட்டுக் கல்லெழுத்து அறிஞர் பலர்க்கும் எட்டுவதாயிற்று.

மைப்படி என்பது எழுத்தின் படமேயாம். கல்லிலுள்ள எழுத்தையும் அது காட்டும். கல்லின் வடுவையும் அது காட்டும். இக்கோடு எழுத்து, இக்கோடு வடு எனத் துணிதல் இரண்டாவது தொழில். துணிந்த எழுத்துகள் சேர்ந்த சொல், பொருளொடும் யாப்பொடும் பிற சான்றுகளொடும் பொருந்துமாறு ஆராய்ந்து நிறுவுதல் மூன்றாவது தொழில். ஆகவே படம், எழுத்து, பாடம் என மூன்று நிலைகள் உளவாதல் அறிக. அச்சு நூல்களை மின்வருடியாற் படமாக்கி, எழுத்துணரி என்னும் மென்பொருளால் அப்படத்தினின்றும் எழுத்தைப் பிரித்தெடுக்கும் இக்காலத்தில், முதலிரு நிலைகளும் பெரிதும் எளியவாயின. மூன்றாவது நிலையும் உடன் முற்றுப்பெற்றது எனக் கருதிவிடுதலே சைவ நூல்கட்கு இன்று நேரும் இடராகும்.

படத்தினின்று எழுத்தைப் பெறுதலாற் சைவம் அடைந்த பயன் சிறிதன்று. திருஞானசம்பந்தர் அருளிய திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளிற் காணப்படாதிருந்து, 1917-ஆம் ஆண்டில் அத்தலத்துக் கோயிற் கல்வெட்டினின்றும் கண்டெடுக்கப்பட்டது. ஏடு இழந்ததைக் கல் காத்தது; கல் காத்ததைப் படித்தவர் உலகிற்கு அளித்தனர். தில்லையில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகளிற் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டது எனத் திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தியைச் சைவர் யாவரும் அறிவர். அழியும் பொருளினின்று அழியாத சொல்லை மீட்டல் இந்நெறியினர்க்குப் பழந்தொண்டாகும்.

ஓலையிற் படியெடுத்த காலத்துத் தொல்லை யாது? எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியுமாகலின், எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் விட்டனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் ஆகாரக் காலும் ஒரே வடிவின. ஆதலின் ஏட்டைப் படிப்பவன் எழுத்தைக் கண்ணாற் கண்டும், சொல்லைக் கருத்தாலேயே துணிய வேண்டியவனாயினான். எகர ஒகரங்களின் குறில் நெடில் வடிவுகளைப் பிரித்து ஒழுங்குசெய்தவர் வீரமாமுனிவர் (1680-1747) என்பர். அச்சு வந்தபின்னர்ப் புள்ளியும் நிலைபெற்றது. ஆறுமுக நாவலரும் (1822-1879) உ. வே. சாமிநாதையரும் (1855-1942) பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நூல்களில், ஏட்டின் ஐயங்கள் தீர்ந்து பாடங்கள் உருப்பெற்றன. ஒரு புள்ளியும் ஒரு காலும் அங்கே புலமையின் தீர்ப்பாக அமர்ந்தன.

இனி எந்திரத்தின் வரலாற்றை நோக்குக. அச்சிட்ட தமிழெழுத்தைக் கணினி கொண்டு அறிதல் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையொன்றைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிப்ட் சிரோமணியும் அவர்தம் உடனாய்வாளரும் 1978-இல் வெளியிட்டனர். சிரோமணி பழந்தமிழ்க் கல்லெழுத்திலும் ஆராய்ச்சியுடையவர் என்பது கருதத்தக்கது. அதே 1978-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையையும் பிறப்பித்தது. அதனால் ணா, றா, னா என்பனவும், அவற்றின் ஒகர ஓகார வரிசைகளும், ணை, லை, ளை, னை என்பனவும் ஆகப் பதின்மூன்று எழுத்துகள் இன்றைய வடிவு பெற்றன. இவ்வாணைக்கு முன்னர் அச்சான சைவ நூல்கள் அனைத்திலும் ஐகாரம் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்புடன் அவ்வெழுத்துகளோடு ஒட்டி நிற்கும். புதிய எழுத்தை மட்டும் பயின்ற எழுத்துணரி பழைய அச்சிலுள்ள ‘வினை’ என்னும் சொல்லை வேறொன்றாகப் பெயர்த்துவிடும். பின்னர் அந்நூலில் வினை என்னும் சொல்லைக் கணினியில் தேடுவோன் அதனைக் காணான். அச்சொல் அந்நூலில் இல்லை என்றும் முடிவு கட்டுவான். இல்லாததை உண்டெனக் கூறும் பிழையினும், உள்ளதை இல்லையெனக் கூறும் இப்பிழை கண்டுபிடித்தற்கு அரிது.

உலக அளவிற் பெருவழக்கிலுள்ள டெசராக்ட் என்னும் எழுத்துணரி, ஹியூலெட் பாக்கார்டு நிறுவனத்தாரால் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பட்டு, 2005-இல் மூலநிரலோடு பொதுவில் வெளியிடப்பட்டது. பின்னர்க் கூகுள் நிறுவனத்தார் அதனை வளர்த்தனர். 2018-இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு, தனியெழுத்தை மட்டும் நோக்காது, ஒரு வரி முழுவதையும் தொடராக நோக்கிப் படிக்கும் நரம்பு வலை முறையைக் கைக்கொண்டது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தொடக்கத்திற் கையாலேயே தட்டச்சுச் செய்து நூல்களைக் கணினியில் ஏற்றினர். பிற்காலத்திற் பல நூல்கட்குக் கூகுளின் எழுத்துணரியைத் துணைக்கொண்டனர். தமிழ் இணையக் கல்விக்கழகம் அளித்த நாட்டுடைமை நூல்களின் படங்கள் ஏறத்தாழ 2,000, விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டு, எழுத்துணரியாற் பெயர்க்கப்பட்டன. இவையெல்லாம் ஊதியம் கருதாத தொண்டர் பலரின் உழைப்பால் நிகழ்ந்தன.

படத்தினின்று எழுத்தெடுக்கும் முறை வருமாறு. முதலில் மின்வருடியால் தாள் படமாகும். அப்படத்திற் சாய்ந்த வரிகள் நேராக்கப்படும். ஓரத்துக் கறை வெட்டப்படும். தாளின் பழுப்பு நீக்கிக் கருமை வெண்மை என்னும் இரண்டே நிறமாக ஆக்கப்படும். தூசு போன்ற சிறு புள்ளிகள் துடைக்கப்படும். அதன்பின் வரி பிரித்து, எழுத்து அறியப்படும். தூசியைத் துடைக்கும் அவ்விடத்தே தமிழுக்கு ஓர் இன்னல் உளது. மென்பொருள் தூசியையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் அளவு ஒன்றே கொண்டு நோக்குமாயின், புள்ளி தூசியாய்த் துடைக்கப்படும். துடையாது விடின் தூசி புள்ளியாய் எஞ்சும். மை மங்கிய அச்சிற் காலின் வடிவும் ரகரத்தின் வடிவும் ஒன்றாய் மயங்கும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் உடைந்த அச்சில் தம்முள் மாறும். புள்ளியின்மை, குறில் நெடில் மயக்கம், ரகரக் கால் மயக்கம் ஆகிய இம்மூன்றும் ஏட்டுக்கு உரியனவாக மேலே கூறப்பட்டவையே அன்றோ? ஆகவே அச்சுப் பதிப்பை எந்திரம் படிக்கும்போது, பதிப்பாசிரியர் அரிதின் முயன்று நீக்கிய ஐயங்களை மீளவும் உண்டாக்கி, பதிப்பை ஏட்டின் நிலைக்கே கொண்டுசெல்கின்றது. எழுத்துணரி தரும் எழுத்தைப் பதிப்பு எனக் கொள்ளாது, ஓர் ஏடு எனக் கொள்ளுதலே முறை.

இம்மயக்கம் சித்தாந்த நூல்களிற் புகின் விளைவது யாது? சிவஞான போதத்தின் பெயரிலுள்ள ‘போதம்’ என்னும் சொல்லில் ஒரு கால் மறையின் அது ‘பேதம்’ ஆகிவிடும். அறிவு என்னும் பொருள் வேற்றுமை என்னும் பொருளாய் மாறும். ‘பரசிவம்’ ‘பாசிவம்’ ஆகும். ‘பாசம்’ ‘பரசம்’ ஆகும். சத்தாவது இறை, அசத்தாவது உலகு, சதசத்தாவது உயிர் என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலைக் கொள்கை. வரியின் முதலில் நின்ற அகரம் ஓரத்துக் கறையோடு வெட்டுண்டு போயின் ‘அசத்து’ என்பது ‘சத்து’ என நிற்கும். அவ்வெழுத்தை மட்டும் படிப்பவன் மெய்கண்டார் மரபிற்கு நேர்மாறான கொள்கையை அந்நூலின்மேல் ஏற்றுவான். செய்யுளிலோ, ஒரு புள்ளி மறைந்து ‘கண்’ என்பது ‘கண’ என நிற்பின், நேரசை நிரையசையாய் மாறித் தளை சிதையும். அடிக்குறிப்பிலுள்ள பாடபேதம் மூலத்தின் நடுவே புகுதலும், பக்கத் தலைப்பு உரையின் இடையே கலத்தலும், மூலமும் உரையும் ஒன்றாய் ஓடுதலும் இவற்றின் வேறான கேடுகள்.

பிழை இருவகைத்து. சொல்லாகாத எழுத்துக்கோவையாய்த் தோன்றும் பிழை தன்னைத் தானே காட்டிவிடும். மற்றொரு நற்சொல்லாய்த் தோன்றும் பிழை ஒளிந்து நிற்கும். பழைய எழுத்துணரிகள் பெரும்பாலும் முன்னைய வகைப் பிழையே செய்தன. வரியைத் தொடராய் நோக்கும் புதியனவோ, அருஞ்சொல்லைக் கண்டவிடத்து அதனையொத்த வழக்குச் சொல்லை இட்டு நிரப்பும் இயல்புடையன. பிழை திருத்தித் தருவதாகக் கூறும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இவ்வியல்பு இன்னும் மிகுதி. ஏடு எழுதியோருள்ளும் இவ்விரு திறத்தார் இருந்தனர். எழுத்தறியாதவன் கண்டதைக் கண்டவாறே கிறுக்கினான். அவன் பிழையினின்று மூலத்தை மீட்கலாம். அரைகுறையாய்க் கற்றவன் தனக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றினான். அவன் பிழையினின்று மீள வேறோர் ஏடு கிடைத்தாலன்றி வழியில்லை.

அற்றேல், எந்திரத்தை முற்றும் விலக்குதலே தக்கது எனின், அற்றன்று. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. படம் எடுக்கப்படாத ஒற்றைப் படிகள் அங்ஙனம் அழியின், ஒப்புநோக்குதற்கும் ஒன்றும் எஞ்சாது. ஈழத்து நூல்களைப் படமாக்கி வழங்கும் நூலகம் திட்டம் 2005-இல் தொடங்கியமை இவ்விழப்பின் பின்னணியில் எண்ணத்தக்கது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதிகள் 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆயிரக்கணக்கான நூல்களைக் கையாலேயே பெயர்த்தெழுதி முடிக்க ஒரு தலைமுறை போதாது. எந்திரம் ஏவலாளாய் இருத்தல் நன்று; அது பதிப்பாசிரியன் இருக்கையில் அமர்தலே ஆகாது.

ஆகவே வேண்டுவன சில. எழுத்து, தான் பிறந்த படத்தினின்றும் பிரிக்கப்படாமல் அதனுடனேயே வழங்கப்படல் வேண்டும். விக்கிமூலத்திற் பக்கத்தின் படமும் எழுத்தும் அருகருகே நிற்க, ஒருவர் மெய்ப்புப் பார்த்தபின் மற்றொருவர் சரிபார்க்கும் முறை உளது, அது பின்பற்றத்தக்கது. எப்பதிப்பின் எப்பக்கத்தினின்று எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு முதலிலேயே நிற்றல் வேண்டும். தூசி துடைத்த படத்தோடு துடையாத முதற்படத்தையும் காத்தல் வேண்டும். ஐயம் நேர்ந்தவிடத்து முதற்படமே சான்றாம். படத்தின்மேலேயே எழுத்தை அழித்துத் திருத்துதல் ஒருகாலும் கூடாது; அது கல்வெட்டின்மேல் உளிவைத்தலை ஒக்கும். தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1984 முதல் வெளியிட்டது. அதனை அடியாகக் கொண்டு 2007-இற் கணினித் தேவாரம் வெளிவந்தது. புலமையாற் செப்பமுற்ற பதிப்பு முன்னும் கணினி பின்னுமாய் நின்ற அவ்வரிசையே பிற நூல்கட்கும் ஏற்றதாம்.

நடுகல்லின் முன் நின்ற கல்வெட்டறிஞர்க்கும் ஏட்டின் முன் அமர்ந்த பதிப்பாசிரியர்க்கும் இருந்த கடமையே கணினித் திரையின் முன் அமர்ந்தார்க்கும் உரியது. எழுத்தறிந்தார் பலர் இன்று வேண்டாராயினும், பாடமறிந்தார் முன்னையினும் மிகுதியாக வேண்டப்படுகின்றனர். சாத்திரம் பயின்ற ஒருவர் நாள்தோறும் ஒரு பக்கத்தின் படத்தையும் எழுத்தையும் ஒப்புநோக்கித் திருத்துவாராயின், ஓராண்டில் ஒரு நூல் ஐயமின்றி நிலைபெறும். ஒரு காலும் ஒரு புள்ளியும் அங்ஙனம் காக்கப்படும்போதே போதம் போதமாய் நிற்கும்.