மரத்தடியும் பெவிலியனும்

கிரிக்கெட்டில் ஜயிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் புத்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. கடைசி வரையில் யார் ஜயிப்பார்கள் என்றே தெரியாதபடி ஓர் ஆட்டம் அமைவது எப்படி என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. மழை பெய்வதைப்போல அது தானாக வருகிற சங்கதி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அப்படியல்ல. சரிக்குச் சமமான ஆட்டத்தை யாராவது ஒருவர் பாடுபட்டு உண்டாக்கவேண்டியிருக்கிறது. இரண்டு கட்சிக்கும் மட்டை வேண்டும், பந்து வேண்டும், பழகுவதற்கு இடம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எதிரே நிற்பவனும் நம்மைப்போல ஓர் ஆட்டக்காரன்தான் என்று ஒப்புக்கொள்கிற மனசு வேண்டும். நம் நாட்டில் அந்த மனசு வருவதற்கு வெகுகாலம் பிடித்தது.

சென்னையில் வெள்ளைக்காரத் துரைமார்கள் 1846-ஆம் வருஷம் கிரிக்கெட்டுக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பிற்பாடு சேப்பாக்கத்தில் அவர்களுக்கு மைதானம் கிடைத்தது, பெவிலியனும் எழுந்தது. ஆட்டக்காரர்கள் உடை மாற்றிக்கொள்வதற்கும், நிழலில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதற்கும், சாப்பிடுவதற்கும் ஏற்பட்ட கட்டடம் அது. கடற்காற்று தாராளமாக வரும். கடற்காற்றுக்கு நிறபேதம் கிடையாது, கிளப்புக்கு இருந்தது. வெள்ளைக்காரர்களைத் தவிர வேறு யாரும் அதில் அங்கத்தினராக முடியாது.

அந்தக் காலத்தில் மயிலாப்பூர் லஸ்ஸில், பெரிய பங்களா ஒன்றில், ஒரு பையன் வளர்ந்துகொண்டிருந்தான். 1868-இல் பிறந்தவன். மோதவரபு வெங்கட மஹிபதி நாயுடு என்பது பெயர். அத்தனை நீளமான பெயரை வைத்துக்கொண்டு யாரால் கூப்பிட முடியும்? எல்லாரும் புச்சிபாபு என்றே அழைத்தார்கள். அவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்ட தாய்வழிப் பாட்டனார் பாரி கம்பெனியில் துபாஷாக இருந்தவர். துரைக்கும் ஊராருக்கும் நடுவே நின்று வியாபாரத்தை நடத்திக் கொடுப்பவருக்குத் துபாஷ் என்று பெயர். ஆகவே வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. பையனைக் கவனித்துக்கொள்ள வெள்ளைக்கார ஆயாமார்கள் இருந்தார்கள். சேப்பாக்கத்தில் துரைமார்கள் ஆடுவதைப் பார்த்துப் பையனுக்கு ஆட்டத்தில் மோகம் பிறந்தது.

வாலிபனான பிறகு அவர் வேறொன்றையும் பார்த்தார். சென்னைக் கிரிக்கெட் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி இது. துரைமார்களோடு ஆட நம்மவர்கள் சேப்பாக்கத்துக்குப் போவதுண்டு. மைதானத்தில் இரண்டு கட்சியும் ஒரே வெயிலில் நிற்கும். மத்தியான்னச் சாப்பாட்டு வேளை வந்ததும் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போவார்கள். நம்மவர்கள் மரத்தடிக்குப் போவார்கள். மரத்தடியில் சாப்பிடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. நம் பாட்டன்மார் வாழ்நாள் முழுவதும் அங்கேதான் சாப்பிட்டார்கள். ஆனால், 'உனக்கு மரத்தடிதான்' என்று இன்னொருவன் சொல்லும்போது அதே சோறு தொண்டையில் நிற்கிறது.

புச்சிபாபு பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. 1888-இல் சென்னை யுனைடெட் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபது. வாலிபர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். மட்டை, பந்து, கால்கவசம் எல்லாம் தம் கைப்பணத்தில் வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். கூலிக்கு ஆட யாரும் வரவில்லை. படிப்பும் உத்தியோகமும் போக மிஞ்சிய நேரத்தில் ஆசைக்காக ஆட வந்தவர்கள் அவர்கள். பெவிலியன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதைவிட, உள்ளே இருப்பவர்களைத் தோற்கடிக்கக்கூடிய பதினொரு பேரைத் தயார் செய்வது மேல் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

அது வெறும் கனவல்ல என்பதை அடுத்த இரண்டு வருஷத்துக்குள் பம்பாய் காட்டிவிட்டது.

பம்பாயில் இந்த ஆட்டத்தை முதலில் கைப்பற்றிக்கொண்டவர்கள் பார்ஸிகள். அவர்கள் பழகிய மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் குதிரைமீது ஏறிப் போலோ ஆடினார்கள். குளம்பு பட்டுத் தரை குழியானது. பார்ஸிகள் சர்க்காருக்கு விண்ணப்பத்துக்குமேல் விண்ணப்பம் போட்டார்கள். அப்படிப்பட்ட குழித் தரையில் பழகியே அவர்கள் 1886-இலும் 1888-இலும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். முதல் பயணத்தில் இருபத்தெட்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் ஜயம். இரண்டாவது பயணத்தில் எட்டு ஜயம். இரண்டு வருஷத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள், பாருங்கள்!

1889-ஆம் வருஷக் கடைசியில் ஜி. எப். வெர்னன் என்பவர் தலைமையில் ஒரு கோஷ்டி இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்தது. இங்கே ஆட வந்த முதல் ஆங்கிலேயக் கோஷ்டி அதுதான். எல்லாரும் சம்பளத்துக்கு ஆடாத கனவான்கள். 1890 ஜனவரிக் கடைசியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் பார்ஸிகள் அவர்களை எதிர்த்தார்கள். அந்த ஜிம்கானாவும் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்பதைக் கவனிக்கவேண்டும்.

இரண்டே நாள் ஆட்டம். பந்து போடுபவர்களின் ராஜ்யம்; இரண்டு கட்சியும் இரண்டு முறை ஆடியும் ஒரு தடவைகூட யாரும் நூறு ரன்னைத் தொடவில்லை. முதல் சுற்றில் வெள்ளைக்காரர்களுக்குக் கொஞ்சம் மேல்கை. இரண்டாவது சுற்றில் பார்ஸிகளின் டாக்டர் பாவ்ரி பந்தை எடுத்தார். ஏழு பேரை வீழ்த்தினார். பிறகு பார்ஸிகள் மட்டை பிடித்தபோது வேண்டியிருந்தது எண்பதுக்கும் குறைவான ரன்தான். ஆனால் அந்தத் தரையில் அது சின்னத் தொகையல்ல. விக்கெட் ஒன்று விழும்போதெல்லாம் கூட்டம் மூச்சை அடக்கிக்கொள்ளும். ரன் ஒன்று வரும்போதெல்லாம் மூச்சை விடும். ஆறு பேர் ஆட்டமிழந்த நிலையில் பார்ஸிகள் கரையேறினார்கள். நாலு விக்கெட்டில் வெற்றி. வெர்னன் கோஷ்டி அந்தப் பயணம் முழுவதிலும் தோற்றது இந்த ஒரே ஆட்டத்தில்தான். பார்ஸிகளை உறுப்பினராக ஏற்காத கிளப்பின் புல்தரையிலேயே அந்தத் தோல்வி நேர்ந்தது.

இந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்டால் நமக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் சரித்திரம் அப்படி முடியவில்லை. மரத்தடிக்கு அனுப்பப்பட்டவனுக்கும், தனக்குக் கீழே யாரையாவது மரத்தடிக்கு அனுப்பவேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்கிறது.

பூனாவில் பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். தோல்வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்தது. வெள்ளைக்காரர் கிளப்பில் தரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. துரைமார்கள் மட்டை வீசிப் பழகுவதற்கு அவர் மணிக்கணக்காகப் பந்து போடுவார். இடதுகைப் பந்து, அப்படியொரு சுழல்! ஹிந்துக்களின் கட்சிக்கு அவரை விட்டால் வேறு கதியில்லை என்று ஆனபோது, சேர்த்துக்கொண்டார்கள். அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். மைதானத்தில் தீட்டு இல்லை. தேநீர் இடைவேளையில் மட்டும் தீட்டு திரும்பி வந்துவிடும். மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். 1906-இல் ஹிந்துக்கள் பம்பாயில் ஐரோப்பியர்களை 109 ரன்னில் தோற்கடித்தார்கள். அந்தக் கட்சியில் பாலுவும் இருந்தார், அவர் தம்பி சிவராமும் இருந்தார். ஆனாலும் பாலுவைக் கடைசிவரை தலைவராக்கவில்லை. 1923-இல் இன்னொரு தம்பி விட்டலுக்குத்தான் அந்தப் பதவி கிடைத்தது.

இனிச் சென்னைக்குத் திரும்புவோம். புச்சிபாபு இருபது வருஷம் பாடுபட்டார். ஐரோப்பியர்களும் இந்தியர்களும் வருஷந்தோறும் ஒரு முறை மோதிப் பார்க்கவேண்டும் என்று சேப்பாக்கத்துக் கிளப்போடு பேசிப் பேசி இணங்கவைத்தார். 1908 டிசம்பரில் முதல் ஆட்டம் என்று ஏற்பாடாயிற்று. ஆட்டத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது அவர் காலமாகிவிட்டார். வயது நாற்பதுதான்.

ஆட்டத்தை நிறுத்தவில்லை. அவரைப்போலவே ஆட்டத்துக்காக உழைத்த பி. சுப்பிரமணியம் தலைமையில் இந்தியர்கள் களம் இறங்கினார்கள். அன்று யார் எத்தனை ரன் எடுத்தார்கள் என்பதைவிட, துரைமார்கள் அவர்களை எதிர்க்கட்சியாக ஏற்றுக்கொண்டு எதிரே வந்து நின்றதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இருபது வருஷ உழைப்புக்கு அதுதானே பலன்?

அந்த ஆட்டம் பிற்பாடு மாகாணப் பந்தயம் என்று பெயர் பெற்றுப் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்துத் திருவிழாவாகவே ஆகிவிட்டது. இரண்டு கட்சியும் மாறி மாறி ஜயித்தன. 1952 வரையில் அது நடந்தது. தகப்பனார் இறந்தபோது பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்த கோட்டா ராமசாமி, 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். 1936-இல், நாற்பது வயதில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று ரன் எடுத்தார். தகப்பனாரின் ஆயுள் முடிந்த வயதில் மகனுடைய டெஸ்ட் வாழ்க்கை ஆரம்பமாயிற்று! ஐரோப்பியர் கட்சியின் தூணாக இருந்த ஜான்ஸ்டன், ரஞ்சிக் கோப்பையில் சென்னைக் கட்சிக்குத் தலைமை வகித்தார். எதிர்க்கட்சியில் அவரைக் கதிகலங்கவைத்த எம். ஜே. கோபாலனும் ராம்சிங்கும் அப்போது அவரோடு ஒரே கட்சியில் ஆடினார்கள்.

பொங்கல் என்றதும் எங்கள் பக்கம் நினைவுக்கு வருகிறது. கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூரைச் சுற்றியுள்ள ஊர்களில், சம்பா அறுத்துத் தாள் காய்ந்ததும் வயல் மைதானமாகிவிடும். டென்னிஸ் பந்து, மூன்று குச்சி, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ரன் கணக்கு. "அண்ணே, இன்னும் எத்தனை?" என்று வரப்பிலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே பெவிலியன் கிடையாது. இருப்பது ஒரே மரம். இரண்டு ஊரும் அதன் அடியில்தான் உட்காரவேண்டும்.

ஒரே மரம் இருப்பதனாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். எந்தத் தெருப் பையன் கட்சித் தலைவன், தண்ணீர்க் குடத்திலிருந்து யார் மொண்டு குடிக்கிறார்கள் என்பதையும் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். ரன் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். இந்தக் கணக்கு அதில் இருக்காது. புச்சிபாபு சேப்பாக்கத்தில் கவனித்தது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.