காய்ச்சலும் பாய்ச்சலும்

வயலில் தண்ணீர் நின்றால் கொசு, கொசு இருந்தால் மலேரியா என்பது எல்லோரும் போடும் கணக்கு. அந்தக் கணக்கு சரியென்றால், கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் நூற்றாண்டுக் கணக்கில் நனைத்துவந்த பழைய தஞ்சை டெல்டாதான் முதலில் நடுங்கிப் படுத்திருக்க வேண்டும். ஆனால் அங்கே மலேரியா பெரிய தொல்லையாக இருந்ததில்லை. 1930களில் காய்ச்சலில் விழுந்தது தெற்கே பட்டுக்கோட்டைப் பக்கம், அதுவும் புதிதாக ஆற்றுத் தண்ணீர் கண்ட மேட்டு நிலம்.

1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அந்தத் திட்டத்தோடு கல்லணையிலிருந்து ஒரு கால்வாயும் வெட்டினார்கள். அரசுப் பதிவேட்டில் அது கல்லணைக் கால்வாய். ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் ‘புது ஆறு’. தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று 148 கிலோமீட்டர் அளவுக்கு ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தண்ணீர் தந்தது. மழையை நம்பிக் கிடந்த ஊர்களில் நெல் விளைந்தது. கூடவே குளிர்காய்ச்சலும் வந்தது.

அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை சார்பில் சென்னை மாகாணத்தில் மலேரியா ஆய்வு நடத்திக்கொண்டிருந்த பால் ரஸ்ஸல், பட்டுக்கோட்டையைத் தன் களமாக்கிக்கொண்டார். அவருடன் இருந்த இந்தியப் பூச்சியியலாளர்களில் ஒருவர் டி. ராமச்சந்திர ராவ். இந்திய அனாஃபிலிஸ் கொசுக்களைப் பற்றிய முதன்மையான நூலைப் பிற்காலத்தில் எழுதியவர் இவர்தான். குட்டை, கிணறு, வாய்க்கால், வயல் என்று நீர் நின்ற இடங்களிலெல்லாம் கொசுப்புழுவை அள்ளி, எந்த இனம் எங்கே வாழ்கிறது என்று இவர்கள் கணக்கெடுத்தார்கள்.

பட்டுக்கோட்டையில் கொசுவுக்கு இடம் அமைத்துக் கொடுத்தது மண்வெட்டிதான். கரை போட மண் எடுத்த குழிகள், கால்வாயை ஒட்டிக் கசிந்து தேங்கிய தெளிந்த நீர், வடிகால் இல்லாத மூலைகள் ஆகியவற்றை அனாஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் பிடித்துக்கொண்டது. அந்த வட்டாரத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசு அதுதான். குறைபாடுள்ள, ஒழுங்கற்ற பாசனமே மலேரியாவுக்குக் காரணம் என்று 1938இல் தன் கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார் ரஸ்ஸல். தண்ணீரைக் கொண்டுவரப் பணம் ஒதுக்கியவர்கள் அதை வடிக்க ஒதுக்கவில்லை என்றுதான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் வயல்? இங்கேதான் ஆய்வு சுவையாகிறது. நாற்று நட்ட புதிதில் வயலிலும் கியூலிசிஃபேசிஸ் முட்டையிட்டது. பயிர் ஓரடி உயர்ந்ததும் அது வயலை விட்டுப் போய்விட்டது. மலேரியாவோடு தொடர்பில்லாத வேறு அனாஃபிலிஸ் இனங்கள் அந்த இடத்துக்கு வந்தன. நிழல் பிடிக்கவில்லையா, தண்ணீரின் குணம் மாறிவிட்டதா? ராவும் ரஸ்ஸலும் சோதித்துப் பார்த்து 1942இல் வெளியிட்ட முடிவு எளிமையானது. இந்தக் கொசு நீருக்குச் சற்று மேலே பறந்து ஆடியபடியே முட்டைகளை உதிர்க்கும். நெருங்கி நிற்கும் பயிர் அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுப்பதில்லை. தூர் கட்டி அடர்ந்த வயல் தன்னைத் தானே காத்துக்கொண்டது. ஆபத்து, பயிர் குட்டையாக இருக்கும் வாரங்களிலும் வரப்புக்கு வெளியே கிடந்த குழிகளிலும்தான்.

அதே 1942இல் ரஸ்ஸல் குழு இன்னொரு யோசனையையும் வயலில் சோதித்து வெளியிட்டது. சில நாள் நீர் தேக்கி, சில நாள் வயலைக் காயவிட்டால் புழு கொசுவாகும் முன்பே செத்துப்போகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது உழவருக்குப் பழகிய முறைதான். அது மலேரியாத் தடுப்பாக ஆய்விதழில் ஏறியது. ஆனால் டிடிடி பூச்சிமருந்து வந்து, 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கியபின் மருந்தடிப்புதான் முன்னே நின்றது. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் 1990களில் வயலைக் காயவிடும் முறையை மறுபடி கையிலெடுத்தது. இம்முறை குறி, மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள்.

இந்த முறைக்கு நடைமுறையில் ஒரு முடிச்சு உண்டு. டெல்டாவில் பல இடங்களில் ஒருவர் வயலைக் கடந்துதான் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் போகிறது. மேல்மடைக்காரர் தன் வயலைக் காயவிட வேண்டுமென்றால் கீழ்மடைக்காரரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாயின் அடித்தளத்துக்கும் கான்கிரீட் போடுவதைத் தஞ்சைப் பகுதி விவசாயிகள் எதிர்த்தார்கள். கசிவு நின்றால் கிணறும் ஆழ்குழாயும் வற்றிவிடும் என்பது அவர்கள் வாதம். ரஸ்ஸல் காலத்தில் கொசுவுக்கு இடம் கொடுத்த அதே கசிவுநீரைத்தான் அவர்கள் விடமாட்டோம் என்றார்கள்.