ஒரே கித்தா மரம், இனத்துக்கொரு கூலி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் கித்தாத் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. முதலீட்டில் பெரும்பகுதி லண்டனிலிருந்து வந்தது. காட்டை அழிக்கவும் பால்வெட்டவும் குறைந்த கூலிக்கு ஆட்கள் தேவைப்பட்டனர்.

அப்போது வெள்ளைக்காரத் துரைமார்களிடையே ஒரு பேச்சு வேரூன்றியது: மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி, ஆனால் கட்டுக்கு அடங்காதவர், தமிழர் சொன்னதைக் கேட்டு நடப்பவர். இவை இனங்களின் இயல்பு அல்ல, தோட்ட முதலாளிகளின் தேவையிலிருந்து பிறந்த முத்திரைகள்.

சொந்த வயலும் மீன்பிடியும் இருந்த மலாய்க்காரர்கள் தோட்டக் கூலிக்கு வர மறுத்தனர். அதுவே சோம்பல் எனப் பெயர் பெற்றது என்பதை அறிஞர் சைட் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

தமிழரின் 'பணிவு' எப்படி வந்தது? 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டாலும் கங்காணி முறை தொடர்ந்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தார். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் கூலி உயரவில்லை. தங்கிய லயமும் தோட்டத்துக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போகும்.

1920களின் இறுதியில் அரசாங்கம் இந்தியத் தொழிலாளருக்கு வகுத்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் கித்தா விலை சரிந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பெரும்பாலும் குத்தகையாளர் வழியே வேலைக்கு வந்த சீனர்கள் பேரம் பேசி அதிகக் கூலி பெற்றனர். தமிழருக்குத் தேவைகள் குறைவு என்பதே முதலாளிகள் சொன்ன நியாயம்.

இந்த நியாயத்தை 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஏற்க மறுத்தனர். ஆர்.எச்.நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் சீனருக்கு இணையான கூலி கேட்டனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கோரினர். நாதன் நாடு கடத்தப்பட்டார். படை கொண்டு போராட்டம் அடக்கப்பட்டது.

கூலியும் மரியாதையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு. சைக்கிளிலிருந்து இறங்க வைத்த அதே எண்ணம்தான் கூலியையும் குறைவாக வைத்திருந்தது என்பதைத் தொழிலாளர்கள் அன்றாட வாழ்வில் அறிந்திருந்தனர்.